பத்தாவது சீட்டு

"கழட்டி முந்தானையில முடிஞ்சுக்கோம்மே. வெளிய வந்ததும் கட்டிக்கினா ஆச்சு. அது இன்னா, உன்னாண்ட கோச்சுக்கவா போவுது?"

ஹமீதுன்னிசா சொன்னது தாலியைப் பற்றி. கேட்டுக்கொண்டு நின்றவள், லைசென்சு ஆபீஸ் வாசல் வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்த மீன்காரி. சாந்தோம் குப்பத்துக்காரி, பேர் கோவிந்தம்மா என்பது காலையிலிருந்து சேர்ந்து நின்றதில் தெரிந்திருந்தது. கழுத்தில் மஞ்சள் பூசிய கயிறு, நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம். இந்தக் கோலத்தில் போய் விதவை லைசென்சு கேட்டால் எவன் கொடுப்பான்?

உத்தரவு அப்படி. மயிலாப்பூர் மார்க்கெட்டுக்கு வெளியே நடைபாதையில் இனி லைசென்சு இல்லாமல் யாரும் கூடை இறக்கக் கூடாது. மொத்தம் பத்து இடம். பத்தும் புருஷனை இழந்த ஏழைகளுக்கு மட்டும். மற்றவள் உட்கார்ந்தால் போலீஸ்காரன் வந்து கூடையைக் காலால் தள்ளுவான். கோவிந்தம்மாவின் கூடையைப் போன வாரம் மட்டும் இரண்டு தடவை தள்ளினான். அத்தனை மீனும் சாக்கடையோடு போயிற்று. அந்த இரண்டு நாளும் வீட்டில் கண் தெரியாத மாமியாரும் இரண்டு பெண்களும் பட்டினி.

ஹமீதுன்னிசா வளையல் விற்கிறவள். தன் கை வளையல்களையும் கழுத்துக் கருகமணியையும் விடியற்காலையிலேயே கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் புருஷன், ஜட்காக் குதிரை செத்ததிலிருந்து ஒரு வருஷமாகப் படுத்தே கிடப்பவன். கிளம்பும்போது பாயை விட்டு எழுந்திருக்காமலே சொல்லி அனுப்பினான்: "நல்லா அழு. செத்தவன் நான்தானே, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல."

"உன் ஊட்டுக்காரர் எங்க கீறாரு?" என்று அவள் கோவிந்தம்மாவைக் கேட்டாள்.

"கடலுக்குப் போயிக்கிறாரு."

"அப்ப அவருக்கு இன்னா தெரியப் போவுது? அவர் கரைக்கு வரதுக்குள்ள நீ கயித்தக் கட்டிக்கினு உக்காந்துக்க."

கோவிந்தம்மா கயிற்றைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஆளு கடல்ல கீறப்ப கரையில கயித்தக் கழட்டுனா, நானே புடிச்சித் தள்ளிவுட்ட மாதிரி. மாட்டேன்."

பொழுது சாய்வதற்குள் போய் அவருக்குக் கஞ்சி எடுத்து வைக்க வேண்டும் என்றும் சொன்னாள். ஹமீதுன்னிசாவுக்கு எரிச்சலாக வந்தது. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு பொய். இதற்குப் போய் இத்தனை பிகு.

அப்போது குமாஸ்தா ராஜகோபாலன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, ஒன்பது இடம் முடிந்தது, பாக்கி ஒன்றுதான், மற்றவர்கள் வெயிலில் நிற்க வேண்டாம் என்றார். பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். அடுத்து உள்ளே போக வேண்டியவள் கோவிந்தம்மா. அவளுக்கு அடுத்தவள் ஹமீதுன்னிசா.

அதற்குமேல் ஹமீதுன்னிசா தாலிப் பேச்சை எடுக்கவில்லை.

குமாஸ்தா கெட்டவர் இல்லை. கோவிந்தம்மாவின் கழுத்தைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, ஆம்படையான் இருக்கானா?"

"கீறாரு சாமி."

"நன்னா யோசிச்சுச் சொல்லு. நான் குப்பத்துக்கு வந்து தேடிண்டிருக்கப் போறதில்லை. இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா எழுதிண்டு சீட்டைக் குடுத்துடறேன்."

ஹமீதுன்னிசா அவளுக்குப் பின்னாலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். காலையெல்லாம் எந்த வார்த்தையைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தினாளோ, அதை இவள் சொல்லிவிடுவாளோ என்று இப்போது பயமாக இருந்தது.

"கீறாரு சாமி," என்றாள் கோவிந்தம்மா மறுபடியும். விலகி வழிவிட்டாள்.

ஹமீதுன்னிசா முன்னால் போய், வளையல் இல்லாத கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு அழுதாள். நன்றாகவே அழுதாள். பத்தாவது சீட்டு அவள் கைக்கு வந்தது.

வெளியே வந்து பார்த்தால், வாசற்படியில் கோவிந்தம்மாவின் சும்மாடு கிடந்தது. கூடை அழுத்தி அழுத்தித் தட்டையாய்ப் போன துணிச்சுருள். அதை அப்படியே விட்டுவிட்டுப் போக ஹமீதுன்னிசாவுக்கு மனசு வரவில்லை. எடுத்துக்கொண்டு குப்பத்துக்கு நடந்தாள். தன் இடத்தில் ஒரு ஓரத்தை அவளுக்குக் கொடுத்தால் என்ன என்று பாதி வழிவரை நினைத்தாள். மீன் கூடைக்குப் பக்கத்தில் வளையல் வாங்க எந்த வீட்டுப் பெண் வருவாள் என்று மீதி வழியில் அந்த நினைப்பை விட்டாள்.

குப்பத்து முனையில் தேசம்மா என்ற கிழவி வலைச் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். ஹமீதுன்னிசா அவளிடம் கோவிந்தம்மாவின் வீட்டை விசாரித்தாள். அப்படியே, அவள் ஊட்டுக்காரர் கரைக்குத் திரும்பிவிட்டாரா என்றும் கேட்டாள். அவர் காதில் இந்தப் பேச்செல்லாம் விழ வேண்டாமே என்றுதான்.

தேசம்மா வலையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்க திரும்பறது? அவன் போன கட்டுமரம் கவுந்து, வர ஐப்பசி வந்தா மூணு வருசம். கூடப் போன ரெண்டு பேர் பொணம் ஒதுங்கிச்சு, அவனுது மட்டும் வரல. பொணத்தப் பாக்காம கயித்த எடுக்க மாட்டேன்னு, தெனம் கஞ்சி எடுத்து வெச்சிக்கினு உக்காந்துகீறா."

ஹமீதுன்னிசா சும்மாட்டைத் தேசம்மாவிடமே கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். முந்தானையில் முடிந்திருந்த சீட்டை அவிழ்க்கவில்லை.