கீறல் விழாத பம்பர்

"இதைக் கழட்டிடு வீரபாண்டி. பழைய பம்பரையே மாட்டிக் குடுத்துடு."

வீரபாண்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று வெங்கிடாசலத்தின் முகத்தைப் பார்த்தான். அப்படித் தெரியவில்லை.

வெங்கிடாசலம் மட்டாஞ்சேரியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர். ஊரே அவரைச் 'சாமி' என்றுதான் கூப்பிடும். மலைத் தோட்டங்களுக்குப் போய்வர ஒரு ஃபோர் வீல் ஜீப் வாங்கியிருந்தார். அதோடு வந்த பம்பர் ஒரு கல்லில் இடித்தாலே வாயைப் பிளந்துவிடும். போன மாதம்தான் அதைக் கழற்றித் தன் பட்டறை மூலையில் போட்டுவிட்டு, கப்பல் உடைத்த இரும்பில் வீரபாண்டி புதிதாக ஒன்று செய்து மாட்டினான். கனத்த தகடு, சேசிஸோடு சேர்த்து முறுக்கிய போல்ட்டுகள், சேற்றில் சிக்கினால் கயிறு கட்டி இழுக்க இரண்டு கொக்கிகள். யானை வந்து முட்டினாலும் யானைக்குத்தான் தலைவலி என்று அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, ஓட்டை சைலன்ஸருக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தவன் அவன். அந்த ஒரு பம்பரைப் பார்த்துவிட்டு ஆலுவாவிலிருந்தும் கலூரிலிருந்தும் ஜீப்காரர்கள் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். அன்றைக்கும் மிளகு வியாபாரி முகமது இஸ்மாயிலின் ஜீப் அதே மாதிரி பம்பருக்காகப் பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தது. முதலில் போட்டுக்கொண்ட ஆளே கழற்றிவிட்டால் அப்புறம் யார் வருவார்கள்?

"என்ன கொறை சாமி? சொல்லுங்க, சரி பண்ணித் தாரேன்."

"கொறை ஒண்ணும் இல்லை. கனம் ஜாஸ்தியாப் போச்சு, கேட்டியா. ஸ்டியரிங் இழுக்கறது."

பச்சைப் பொய். மாட்டிய அன்றைக்கு ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி இப்போதுதான் ரோட்டில் நிற்கிறது என்று மெச்சியவரே இவர்தான்.

அதோடு விட்டாரா? இல்லை. தன்னுடைய குடோன்களுக்கு வேண்டிய கதவு, கிரில், மூட்டை அடுக்கும் சட்டம் என்று எல்லா வேலையையும் இனி வீரபாண்டிக்கே கொடுத்துவிடுவாராம். அதற்கு ஒரே ஒரு நிபந்தனையாம். இனி அவன் யாருக்கும் இந்த மாதிரி பம்பர் செய்யக் கூடாது.

"இஸ்மாயில் பாய் வண்டி வந்து நிக்குதே சாமி?"

"அவருக்கும் வேண்டாம். நானே அவர்ட்ட பேசிக்கறேன்."

மேற்கொண்டு நிற்காமல், டிரைவர் பிச்சைமணியை வண்டியோடு விட்டுவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீரபாண்டி ஸ்பேனரை எடுத்தான். தனக்கும் வேண்டாமாம், அடுத்தவனுக்கும் கிடைக்கக் கூடாதாம். ஒரு பட்டறைக்காரன் தலையெடுத்தால் இந்தப் பெரிய மனுஷன்களுக்கு ஏன்தான் பொறுக்க மாட்டேன் என்கிறதோ! போல்ட்டைக் கழற்றக் கழற்ற அவன் வாய் ஓயவில்லை. சாயா கொண்டுவந்த சேட்டனையும் நிறுத்திவைத்து ஒரு பாட்டம் புலம்பினான். சாமியா இப்படி என்று சேட்டனும் வாயைப் பிளந்தார். பிச்சைமணி மட்டும் சாயாவைத் தொடாமல் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பம்பர் கழன்று வந்தது. வீரபாண்டி அதை வெளிச்சத்தில் இழுத்துப் போட்டு, முனைக்கு முனை தடவிப் பார்த்தான்.

"இங்க வாடா பிச்சைமணி. எங்கயாவது ஒரு கீறல் இருக்கா? ஒரு வளைவு இருக்கா? இதுல என்ன நொள்ளை கண்டுபிடிச்சாரு உங்க சாமி? எல்லாம் பொறாமை. வேற ஒண்ணும் இல்ல."

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணே." பிச்சைமணி எழுந்து வரவில்லை.

"ஏன் சொல்லக் கூடாது? கீறல் இருந்தா காட்டு, வாயை மூடிக்கிறேன்."

"இல்லண்ணே. அதுக்கு ஒரு கீறலும் விழல."

அதற்குமேல் பிச்சைமணியால் அடக்க முடியவில்லை. போன வாரம் நல்ல மழையில் வண்டி திருப்பூணித்துறை வீட்டுக்குப் போயிருக்கிறது. சாமியின் மகள் கங்கா குடையைக்கூட எடுக்காமல் கேட்டைத் திறக்க ஓடி வந்திருக்கிறாள். பிச்சைமணியின் ஈரச் செருப்பு பிரேக்கில் வழுக்கிவிட்டது. வண்டி வேகமாகக்கூடப் போகவில்லை, ஊர்ந்துதான் போனது. ஒரு பக்கம் கேட் தூண், மறுபக்கம் இந்தப் பம்பர், நடுவில் அந்தப் பெண்.

வீரபாண்டி பம்பரைத் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவா ஒரு தட்டுதான்ணே. பழைய பம்பரா இருந்தா அது மடங்கியிருக்கும். இது மடங்கலையே. வலது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்கு."

வீரபாண்டி பம்பரிலிருந்து கையை எடுத்தான். அங்கேயே தரையில் உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லலையேடா அவரு. வந்து என்னை நாலு அறை அறைஞ்சிருக்கலாமே."

"வண்டி ஓட்டுனவன் நான், என்னையே ஒண்ணும் கேக்கலண்ணே. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வர்ற வழியில சத்தியம் வாங்கினாரு." பிச்சைமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "'அவன் ஆசையாப் பண்ணின சாமானாக்கும். இனிமேப் பண்ணாம இருந்தாப் போறும். கங்கா காலை எடுத்தது தன்னோட இரும்புதான்னு தெரிஞ்சா, அப்புறம் அவனால எந்த வேலையும் பண்ண முடியாதுடா'ன்னாரு."