எதிர்வீட்டு மணி

கையில் தட்டை ஏந்திக்கொண்டு உம் ரம்ஸி, அதாவது ரம்ஸியின் அம்மா, தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

விரல் தாழ்ப்பாளில் இருந்தது. திறக்கத்தான் துணிவு வரவில்லை.

தட்டில் பேரீச்சம்பழம் பொதிந்த மஅமூல். நேற்றுப் பகல் முழுக்க மர அச்சை மேசையில் தட்டித் தட்டி எடுத்தவை. பண்டிகைக்கு முந்தின நாள் அந்தக் கட்டடத்தின் எல்லா மாடிகளிலும் அந்த 'டொக் டொக்' கேட்கும். எதிர்வீட்டில் மட்டும் கேட்டதில்லை.

எந்தப் பண்டிகை என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. பெய்ரூத்தில் இந்தப் பக்கத்தார் பண்டிகைக்கும் அந்தப் பக்கத்தார் பண்டிகைக்கும் இதே பலகாரம்தான்.

எதிர்வீட்டில் இருப்பவள் ஹாலா நஜ்ஜார். தனியாள். குடிவந்து எட்டு வருடமாகிறது. பெயரை வைத்து அவள் எந்தப் பக்கம், எந்த மதம் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் வைக்கிற பெயர்.

நேராகக் கேட்கிற வழக்கம் இங்கே இல்லை. உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் கையில் துப்பாக்கி இருந்தது. அதனால் இப்போது நாகரிகமாக, "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்பார்கள். ஊரைச் சொன்னால் மீதி தானே தெரிந்துவிடும்.

உம் ரம்ஸியும் அப்படித்தான் கேட்டாள்.

"இதே தெருதான்" என்று சொல்லிச் சிரித்தாள் ஹாலா.

அவ்வளவுதான். அதற்கு மேல் தோண்டினால் மரியாதையாக இருக்காது.

மூன்றாம் மாடியும் ஐந்தாம் மாடியும் ஒன்றின் பண்டிகைக்கு ஒன்று தட்டு அனுப்பிக்கொள்ளும். யார் யாரென்று தெரியும், அதனால் தப்பு வராது. ஹாலாவை என்ன சொல்லி வாழ்த்துவது? தப்பாக வாழ்த்தி அவள் மனம் புண்பட்டுவிட்டால்?

இவர்கள் அவளை அவர்கள் ஆள் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். அவர்கள் அவளை இவர்கள் ஆள் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். விரோதம் துளியும் கிடையாது. எல்லாம் மரியாதைதான்.

அவளுக்கும் ஆளில்லாமல் போய்விடவில்லை. ஒவ்வொரு பண்டிகைக் காலையிலும் அவள் வீட்டு மணி அடிக்கும்.

"வாங்க, வாங்க! எதுக்கு இந்தச் சிரமமெல்லாம்!" என்று அவள் குரல் படிக்கட்டு முழுக்கக் கேட்கும். பிறகு கதவு சாத்தும். காபிக் கோப்பைகள் கிணுங்கும்.

இதில் விசித்திரம், அந்த மணி இரண்டு பக்கத்துப் பண்டிகைக்கும் அடிக்கும்.

"நம்மள விட அவளுக்குத்தான் சொந்தம் ஜாஸ்தி" என்பார் உம் ரம்ஸியின் கணவர் அபு ரம்ஸி. மகன் ரம்ஸி மாண்ட்ரியாலுக்குப் போனபின் அவர்கள் வீட்டு மணியைக் குப்பைக்காரன்தான் அடிக்கிறான்.

நேற்று ரம்ஸி போனில் பேசினான். "இங்க எல்லாரும் ரொம்ப மரியாதையானவங்கம்மா. எனக்கு நாளைக்குப் பண்டிகையான்னுகூட யாரும் கேக்க மாட்டாங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அந்தச் சிரிப்பை அவள் முன்பே எங்கேயோ கேட்டிருந்தாள். இரவெல்லாம் யோசித்தாள். விடியும்போது ஞாபகம் வந்தது. எதிர்வீட்டு வாசலில்.

அதனால்தான் இப்போது கையில் தட்டு.

"என்ன உம் ரம்ஸி, எல்லையில காவலா?" என்றார் அபு ரம்ஸி, சோபாவில் சாய்ந்தபடி. "தப்பா வாழ்த்திட்டு, நாளைக்கு லிஃப்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பே?"

கரண்ட் போயிருந்தது. ஜெனரேட்டர் போட இன்னும் நேரமிருந்தது.

எதிர்வீட்டுக்கு யாராவது வந்துவிட்டார்களா என்று பார்க்க, உம் ரம்ஸி கதவிலிருந்த லென்ஸில் கண்ணை வைத்தாள்.

எதிர்க்கதவு திறந்தது. ஹாலா வெளியே வந்தாள். உதட்டுச் சாயம், கழுத்தில் முத்துமாலை, காலில் வீட்டுச் செருப்பு.

படிக்கட்டை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக் கதவை ஓசையில்லாமல் இழுத்துக்கொண்டாள். மறு கையால் தன் வீட்டு மணியை அழுத்தினாள்.

அடிக்கவில்லை.

ஒரு கணம் அந்த மணியையே பார்த்தாள். பிறகு விரலை மடக்கி, தன் கதவைத் தானே தட்டினாள்.

"வாங்க, வாங்க! எதுக்கு இந்தச் சிரமமெல்லாம்!"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோப்பைகள் கிணுங்கின.

"பாத்தியா, ஆள் வந்தாச்சு. தட்டை வெச்சிட்டு வந்து உக்காரு" என்றார் அபு ரம்ஸி.

உம் ரம்ஸி தட்டை வைக்கவில்லை. உடனே போகவும் இல்லை. தான் பார்த்தது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிடக் கூடாது. இல்லாத விருந்தாளிகள் காபி குடித்துவிட்டுக் கிளம்பட்டும் என்று காத்து நின்றாள்.

கரண்ட் வந்தது. சமையலறையில் பிரிட்ஜ் உறுமியது.

தாழ்ப்பாளை நீக்கினாள்.

என்ன வாழ்த்துச் சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. நாலடி நடந்து, எதிர்வீட்டு மணியை அழுத்தினாள். நீளமாக அடித்தது.

உள்ளே கோப்பைச் சத்தம் சட்டென்று நின்றது. வீட்டுச் செருப்பு மெல்லக் கதவு வரைக்கும் வந்து நின்றது. "வாங்க, வாங்க" வரவில்லை.

பிறகு, இத்தனை வருடத்தில் அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒருமுறைகூடக் கேட்டிராத ஒரு வார்த்தை கேட்டது.

"யாரு?"