பூசைக்குக் கொடுத்த நாள்

ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜன் சவரிநாதன் துப்பறியும் நாவலை அலுப்போடு மூடினார்.

“கதையில செத்த நாளு தெரிஞ்சிருக்கு, கொலகாரன புடிச்சிட்டான். நம்ம தோட்டத்துக் கணக்கெழுதுன கிராணி அருளப்பன் கேசு அப்படியாலா? லீவுல போனவன் ஒரு மாசம் கழிச்சி ஈயம் தோண்டுன பழைய குட்டையில எலும்பா கெடச்சான். என்னிக்குச் செத்தான்னு இருவது வருசமா யாருக்குமே தெரியல.”

“பொலம்பாம சட்டைய மாத்துங்க. பூசைக்கு நேரமாச்சி,” என்றாள் மனைவி பெட்ரீசியா.

அந்தக் கேசுக்காக ரப்பர் தோட்டத்துக்குப் போன இடத்தில்தான், பால்மரம் சீவிக்கொண்டிருந்த அவளைப் பார்த்துக் கட்டிக்கொண்டார். நாதியற்ற அந்தக் கிராணிக்காக அவள் வருடம் தவறாமல் பூசை கொடுப்பதை நினைத்தால் இவருக்கே மனம் இளகும். உத்தியோகத்தில் இருந்தவரை கூடப் போக முடிந்ததில்லை. இன்றுதான் முதல் முறை.

ஈப்போ மாதா கோயிலில் சாமியார் வாசித்தார்: “இருபது ஆண்டுகளுக்கு முன் இதே நாளில் இறந்த அருளப்பனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக...”

சவரிநாதன் மெல்லத் திரும்பினார். “தேதி ஒனக்கு எப்படித் தெரியும்?”

பெட்ரீசியா செபமாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தோட்டத்துல அத்தன பேரையும் விசாரிச்சீங்க. என்னைய மட்டும், கட்டிக்கிறியான்னுதான் கேட்டீங்க.”