நாற்பத்தொரு தப்பு

கையெழுத்துப் பிரதியை ஒற்றை விரலால் தள்ளிவிட்டார் மியூசியத்தின் பழைய டைரக்டர். எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரி கைக்குட்டையைச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள். அழத் தயாராகத்தான் வந்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. அதில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட.

“நாற்பத்தொரு தப்பு. எண்ணிட்டேன்” என்றார். “ஏம்மா, ஊசில நூல் கோக்கறதும் நாவல் எழுதறதும் ஒண்ணுன்னு உனக்கு யார் சொன்னா?”

பதிப்பாளர் சிரித்துவைத்தார். தன் நாற்காலியை டைரக்டருக்குக் கொடுத்துவிட்டு அவர் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போர்க்காலத்தில் ஒளித்துவைத்த ஓவியங்களைப் பற்றி ஒரு மர்ம நாவல் வந்தால், பார்த்துச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்? குண்டு விழுந்த நாட்களில் மியூசியத்துப் படங்களையெல்லாம் மூடிக் கிடந்த ஒரு மாவு மில்லில் பதுக்கிக் காப்பாற்றியவர் அல்லவா! அப்போது அவர் சின்ன அதிகாரி. அந்தக் கதையை முப்பது வருஷமாக மேடை மேடையாகச் சொல்லிவருகிறார். மேடைக்கு மேடை பெட்டிகளின் எண்ணிக்கை மட்டும் கூடிக்கொண்டே போகும்.

போர் முடிந்து பெட்டிகளைத் திறந்தபோது ஒரே ஒரு படம் இல்லை. ‘மீன்கூடைப் பெண்’ என்று பெயர். பழியைத் தூக்கி மியூசியத்து வாட்ச்மேன் தலையில் போட்டார்கள். ஜெயிலுக்குப் போனவர் அங்கேயே செத்தும் போனார். அவர் மகள்தான் இந்தத் தையல்காரி.

“என் கதைல வாட்ச்மேன் திருடலை ஐயா” என்றாள் அவள். “எங்கப்பா பேர்ல இருக்கற கறை போகணும். அதுக்குத்தான் எழுதினேன். எழுத்தாளர்னு பேர் வாங்கற ஆசையெல்லாம் இல்ல.”

“ஆசைப்பட்டாலும் கிடைக்காது. கவலைப்படாதே.”

“சார் சரின்னு சொன்னாத்தான் அச்சுக்குப் போகும். முன்னாடியே சொல்லியிருக்கேன்மா” என்று பதிப்பாளர் தன் பங்குக்கு ஒரு போடு போட்டார்.

டைரக்டர் பிரதியைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. வீட்டுக்கு வருகிற கல்யாணப் பத்திரிகையையே திருத்தித் திருப்பி அனுப்புகிற மனுஷன்.

“கேளுங்க கூத்தை. படங்களை லாரில ஏத்தினாங்களாம்! பெட்ரோலுக்கு எங்கய்யா போறது? எல்லாம் கைவண்டி. மில்லுக்கு ரெண்டு வாசலாம், ஒண்ணுதான். கிளம்பற அன்னிக்கு மழையாம், ஒரு சொட்டு பெய்யலை. படம் கிழிஞ்சுபோய் வாட்ச்மேன் பின்பக்கம் கோணித்துண்டை ஒட்டினானாம். கோணியா அது? நீலக் கட்டம் போட்ட துணின்னு அடிச்சுத் திருத்தியிருக்கேன். நூத்திரண்டாம் பக்கத்துல மேஜர் சுருட்டு பிடிக்கறாரு. அந்தப் பஞ்சத்துல சுருட்டு ஏதுய்யா?”

சுருட்டுக்குப் பதிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். தையல்காரி சிரிக்கவில்லை.

“அந்தக் காலிப் பெட்டி விஷயம் ஐயா…”

“அதைத் திறந்ததே நான்தான், ஒத்தை ஆளா. உள்ள வெறும் வைக்கோல். கோர்ட்லயும் அதைத்தான் சொன்னேன். உங்கப்பன் படத்தை உள்ள வைக்கவே இல்லை. வெறும் பெட்டிக்கு ஆணி அடிச்சிருக்கான். அதை எழுது. அதுதான் சரித்திரம்.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். “எல்லாத் திருத்தத்தையும் ஒத்துக்கறேன் ஐயா. இதெல்லாம் நீங்க கைப்பட எழுதினதுன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க.”

இவ்வளவு சுலபமாக மடங்கிவிடுவாள் என்று அவர் நினைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார், தேதியும் போட்டார். தப்பில்லாத தேதி.

அவள் பிரதியை வாங்கி எண்பத்தேழாம் பக்கத்தைப் பிரித்துப் பதிப்பாளர் முன்னால் வைத்தாள். கைக்குட்டை நனையவே இல்லை. அவள் முகத்தில் இருந்தது முப்பது வருஷக் கோபம்.

“இதைப் படிங்க சார்.”

“‘கோணித்துண்டு அல்ல, நீலக் கட்டத் துணி’… ஆமா, சார் இப்பத்தானே சொன்னாரு?”

“பெட்டில வைக்கிறப்போ நிஜமாவே படம் கிழிஞ்சுபோச்சு. வேலை போயிடும்னு பயந்து, எங்கப்பா என் பழைய கவுன்ல ஒரு துண்டை வெட்டிப் பின்னால ஒட்டினாரு. நான்தான் பசை தடவிக் குடுத்தேன். அப்பவே படத்தைப் பெட்டிக்குள்ள வச்சு, என் கண்ணெதிர்ல ஆணி அடிச்சாரு. கிழிச்சதை ஒத்துக்கிட்டா திருடினதையும் தலைல கட்டிடுவாங்கன்னு கோர்ட்ல அவர் வாயே திறக்கலை. நான் சின்னப் பொண்ணு, என்னை யாரும் ஒண்ணும் கேக்கவே இல்லை.”

பதிப்பாளர் சிவப்பு மையில் இருந்த அந்த வரியை மறுபடி படித்தார்.

“கோணின்னு நான் வேணும்னேதான் எழுதினேன் சார்” என்றாள் அவள். “அந்தத் துணி என்ன துணின்னு எனக்கும் எங்கப்பாவுக்கும்தான் தெரியும். தப்பா எழுதினா, பெட்டியிலேர்ந்து படத்தை எடுத்த மூணாவது ஆள் யாராவது திருத்துவாங்கன்னு பார்த்தேன்.”

டைரக்டர் பிரதியைப் பிடுங்கக் கை நீட்டினார். பதிப்பாளர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

தையல்காரி எழுந்து நின்று பணிவாகக் கேட்டாள்.

“படத்தை வீட்ல எந்த ரூம்ல மாட்டியிருக்கீங்க ஐயா?”