பூசணிக்கொடி ராக்

"இசைத்தாள் அட்டையில ஒரு பேருதான் போட முடியும். யாரோட மெட்டுன்னு வாசிச்சுக் காட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பதிப்பாளர் ஹெர்ட்லிங் தன் கடையின் புதுப் பியானோவைத் திறந்துவிட்டார்.

ராஸ்கோ முந்திக்கொண்டு உட்கார்ந்தான். கூச்ச நாச்சமே கிடையாது அந்தப் பயலுக்கு.

பூசணிக்கொடி ராக் என்ற இந்த ராக்டைம் பியானோ மெட்டு, எல்மோர் கட்டியது. பனிக்காலம் முழுக்க பிளவுன்ட் மதுக்கடையின் ஓட்டைப் பியானோவில் அவன் அதை உருட்டி உருட்டிக் கட்டியதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவன் நான். ஆனால் நான் அவன் கூட்டாளி. என் சாட்சி எங்கே எடுபடும்?

செடேலியா ஊரில் பியானோக்காரர்கள் நாங்கள் யாரும் எதையும் எழுதிவைப்பதில்லை. ஒருவன் வாசிப்பதைக் காதால் கேட்டு, இன்னொருவன் கையால் அள்ளிக்கொண்டு போவதுதான் வழக்கம். எங்கள் கறுப்பு ஆள் ஒருவன் பெயர் அட்டையில் ஏறுவதோ லேசில் நடக்கிற காரியமில்லை. அதுவும் இப்போது களவு போகப் பார்த்தது.

ராஸ்கோ வாசித்தான். பாவி, ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மூன்றாவது பகுதியில் மெட்டு மேலே மேலே ஏறும். உச்சியில் சட்டென்று ஒரு நொடி சத்தமே இருக்காது. மதுக்கடையில் எல்லாரும் அந்த இடத்தில் தரையை ஓங்கி மிதிப்போம். ராஸ்கோவும் அங்கே விரலைத் தூக்கிவிட்டுக் காலால் மிதித்தான்.

ஹெர்ட்லிங் தலையாட்டி ரசித்தார்.

அடுத்து எல்மோர் உட்கார்ந்தான். அதே மெட்டு, அதே வேகம். உச்சிக்குப் போனவன், காலால் மிதிக்கவில்லை. ஓரத்துக் கட்டை ஒன்றை எட்டி அடித்தான்.

டிங்!

நான் அதுவரை கேட்டேயிராத சுரம்.

"இது என்ன புதுசா இருக்கு?" என்றார் ஹெர்ட்லிங்.

"புதுசு இல்லைங்கய்யா. பிளவுன்ட் கடைப் பியானோல அந்தக் கட்டைக்குக் கம்பி அறுந்துபோச்சு. அடிச்சாலும் சத்தம் வராது. நம்ம ராஸ்கோ அண்ணன், மெட்டோட சேர்த்து அறுந்த கம்பியையும் தூக்கிட்டு வந்துட்டாரு!"

ராஸ்கோ தொப்பியை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டான்.

ஹெர்ட்லிங் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு அட்டைக்கான தாளில் எல்மோரின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார்.

தெருவுக்கு வந்ததும் அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"அடப்பாவி! பனிக்காலம் பூரா அந்தச் சுரத்த மனசுக்குள்ளயே பூட்டி வச்சிருந்தியே, எங்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையாடா?"

எல்மோர் கடைப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"சுரமாவது ஒண்ணாவது! அவன் காலால மிதிச்சப்பதான் மாப்ளே, அந்த அறுந்த கம்பியே எனக்கு ஞாபகம் வந்துச்சு."