நேரில் வருபவர்களுக்கு மட்டும்

வெளுத்த வேட்டித் துண்டில் சுற்றியிருந்த கேமராவை அன்னபூர்ணி மேசைமேல் வைத்துப் பிரித்தார்.

“அவர் இங்க இருந்தவரைக்கும் வாராவாரம் எடுத்துத் துடைப்பார். இப்போ நான் துடைக்கறேன். எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. துடைக்க மட்டும்தான் தெரியும்.”

கவின்ராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஹாலில் சத்தத்தைக் குறைத்து வைத்த டிவி யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலியில் துவைத்து மடித்த புடவைகள் அடுக்கியிருந்தன.

காலையில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பஸ் ஏறி, மைசூரில் இறங்கி, டவுன் பஸ்ஸில் விஜயநகர் வந்து, விசாரித்து விசாரித்து இந்த வீட்டைக் கண்டுபிடித்திருந்தான். செல்போனில் பார்த்த விளம்பரத்தில் கேமராவின் படம் ஒன்றும் சின்னதாக ஒரு குறிப்பும்தான் இருந்தன. ‘பழைய ரஷ்ய கேமரா, ஸோர்க்கி 4, நல்ல நிலையில். நேரில் வருபவர்களுக்கு மட்டும்.’

மாடியில் குடியிருக்கும் பசவராஜ் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அன்னபூர்ணி அம்மாவுக்கு விளம்பரம் போட்டுக் கொடுத்ததே அவர்தானாம். வருகிறவர்களை உட்காரவைத்து, காபி கொடுத்து, பேசிக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் கொடுக்க மனசில்லை என்று அனுப்பிவிடுகிறாராம் அம்மா. பாவம், பேச்சுத் துணைக்கு ஆள் வேண்டும், அதற்குத்தான் இந்த விளம்பரம் என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்.

எந்த ஊர் என்று கேட்டார் அன்னபூர்ணி. கொள்ளேகால் என்றான். அது அவன் பிறந்த ஊர். கேமரா யாருக்கு என்று கேட்டதற்கு, தனக்குத்தான், பிலிமில் எடுத்துப் பார்க்க ஆசை என்றான். இந்தக் காலத்தில் இப்படியொரு ஆசையா என்று சொல்லிக்கொண்டே அவர் காபி போடப் போனார்.

கவின்ராஜ் கேமராவைக் கண்ணில் வைத்தான். டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்ற அன்னபூர்ணி அதற்குள் இரண்டாகத் தெரிந்தார். லென்ஸின் வளையத்தை மெல்லத் திருப்ப, இரண்டு உருவமும் நெருங்கி நெருங்கி ஒன்றாகின.

அவன் காபி குடிக்கும்வரை அன்னபூர்ணி பேசிக்கொண்டே இருந்தார். ஒருத்திக்குச் சமைப்பதில் அளவே பிடிபடுவதில்லை. பால்காரர் வரும்போது பேசுவதோடு சரி, அப்புறம் அன்றைக்கு வாயைத் திறக்க வேலை இருக்காது. மகள் தீபா புனேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவாள். காலையிலிருந்தே வீட்டில் குரல் கேட்கட்டுமே என்று டிவியைப் போட்டுவிடுவார்.

“ஊரையெல்லாம் எடுத்தார். அவரை எடுக்க ஆளில்லை. வீட்டுல அவர் படம்னு ஒண்ணுகூடக் கிடையாது, பார்த்தியா?”

கவின்ராஜ் சுவரைப் பார்க்கவில்லை. சீக்கிரம் எழுந்து போய்விட வேண்டும்போல் இருந்தது. விலையைக் கேட்டான். அவர் சொன்னதற்குப் பேரம் பேசாமல் தலையாட்டினான். தன்னையாவது வெறுங்கையோடு அனுப்பவில்லையே என்ற நிம்மதியில், கேமராவைத் துண்டிலேயே சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

“லென்ஸ் மேல மாட்டற அந்த மஞ்சள் பில்டர் இருக்குதுங்களாம்மா? அதையும் சேத்திக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.”

அன்னபூர்ணி அவனையே பார்த்தார். உள்ளே போய், சின்ன வட்ட டப்பா ஒன்றோடு திரும்பி வந்தார். அதை அவனிடம் நீட்டாமல் உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

“இப்படி ஒண்ணு இருக்குன்னு விளம்பரத்துல போடலை. வந்தவா யார்கிட்டயும் நான் சொன்னதும் இல்லை.”

இந்த மாதிரி கேமராவோடு பில்டர் வரும் என்று எங்கோ படித்ததாக ஆரம்பித்தான். அவர் கையமர்த்தினார்.

“தீபா அவ இஷ்டப்படி பண்ணிண்ட கல்யாணத்துக்கு நான் போய் நின்னேன். திரும்பி வந்தா வீடு பூட்டியிருக்கு. அன்னிக்குக் கோச்சுண்டு போனவர்தான். எங்க போனார்னு தெரியாது, போன் நம்பரையும் மாத்திண்டுட்டார். இந்தக் கேமராவை வேற யாரோ வாங்கிண்டு போறதை மட்டும் அவரால தாங்க முடியாது. எங்க இருந்தாலும் யாரையாவது அனுப்புவார்னுதான் விளம்பரமே போட்டேன்.”

கவின்ராஜ் மறுபடியும் உட்கார்ந்துவிட்டான். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவன் தங்கியிருக்கும் வாடகை அறைக்குப் பக்கத்து அறைதான் அவர் கணவர் நாராயணஸ்வாமிக்கு. ஒருநாள் பேச்சுவாக்கில் அவன் காட்டிய விளம்பரத்தைப் பார்த்தவர், அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. கேமராவை எப்படியாவது வாங்கி வந்துவிடு, ஆனால் நான் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லவே கூடாது என்று அவன் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருந்தார்.

“சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேனுங்கம்மா” என்றான். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அன்னபூர்ணி டப்பாவை அவன் பைக்குள் போட்டார். அவன் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்ப்பா. முன்னால நட, நான் பின்னாலயே வரேன்.”