அங்கியின் விளிம்பு

பகைவரின் படை நகரத்தை வளைத்ததும் எஜமான்களுக்குக் கர்த்தரின் ஞாபகம் வந்தது. அடிமைகளை மீட்டவன் நான் என்றுதான் முற்காலத்தில் மலைமேல் அவர்களின் முன்னோரிடம் அவர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். ஆகவே ஆலயத்தின் முன் ஒரு கன்றை இரண்டாகப் பிளந்து வைத்து, எங்கள் அடிமைகளை விடுவிக்கிறோம், சொல் தவறினால் எங்களுக்கும் இதே கதி என்று அதன் நடுவே நடந்தார்கள். எஜமான்களில் ஒருவனான பெராயாவும் நடந்தான். அவன் வீட்டில் மாவரைத்த அடிமைப்பெண் மில்காள் அன்றே வெளியேறினாள்.

படை விலகிப் போனது. பெராயா வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

“கன்றின் நடுவே நடந்தீர்களே, எஜமானே?”

“உடன்படிக்கை கர்த்தரோடு. உன்னோடா பண்ணினேன்? அவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். நீ போய் வேலையைப் பார்.”

கன்றின் நடுவே நடந்த அன்று உடுத்தியிருந்த அங்கியை அவள்மேல் எறிந்தான். விளிம்பில் கன்றின் ரத்தம் கறுத்துக் காய்ந்திருந்தது. மில்காள் அதைத் துவைத்து மாடியில் உலர்த்தினாள். விளிம்பில் மட்டும் கை வைக்கவில்லை. நிமிர்ந்தபோது, படை போன திசையிலிருந்து பெரும் புழுதி நகரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது.

“கறை போயிற்றா?” என்று கீழிருந்து கேட்டான் பெராயா.

“பளிச்சென்று இருக்கிறது, எஜமானே,” என்றாள், புழுதியிலிருந்து கண்ணெடுக்காமல். “நாளைக்கே உடுத்திக்கொள்ளலாம்.”